மைலுக்கு வயதா, கணக்குக்கு வயதா? விமானப் புள்ளிகள் காலாவதியாகும் விதம்

வெளிநாட்டுக்கு அடிக்கடி போய்வரும் குடும்பங்களுக்கு இந்த மின்னஞ்சல் புதிதல்ல: “உங்கள் கணக்கிலுள்ள இத்தனை மைல்கள் விரைவில் காலாவதியாகின்றன.” உடனே தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். யாராவது ஒருவர், “ஏதாவது சின்னப் பொருளாக ஒன்று வாங்குங்கள், கணக்கில் ஓர் அசைவு இருந்தால் போதும், மைல் பிழைத்துக்கொள்ளும்” என்பார். அவருக்கு அது பலித்தும் இருக்கும். அவருடையது பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கு. கேட்டவருடையது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கணக்கு. பொருளும் வாங்கி, மாதக் கடைசியில் மைலையும் இழந்துவிட்டு, யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

யாரும் ஏமாற்றவில்லை. ஒரு திட்டத்தில் வயதாவது மைலுக்கு. இன்னொன்றில் வயதாவது கணக்குக்கு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். அதற்கு, இந்தப் புள்ளி என்பது என்ன பொருள் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

புள்ளி என்பது யாருடைய பணம்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் தன் ‘மைலேஜ் பிளஸ்’ திட்டத்தோடு வந்து சேர்ந்தது. அன்று கணக்கு எளிமையாக இருந்தது: இத்தனை மைல் பறந்தால் ஓர் இலவசப் பயணம். காலியாகப் பறக்கும் இருக்கையைக் கொடுத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் உத்தி அது.

இன்று ‘மைல்’ என்ற பெயர் மட்டும்தான் தூரத்தை நினைவூட்டுகிறது. அட்டையில் பெட்ரோல் போட்டாலும், ஓட்டலில் தங்கினாலும் மைல் சேரும். வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. அதாவது விமான நிறுவனம் ஒரு தனி நாணயத்தை அச்சிட்டு விற்கிறது. அந்த நாணயம் செல்லுபடியாகும் ஒரே கடையும் அதனுடையது, விலைப்பட்டியலை எழுதுவதும் அதுவே.

மேலே போகுமுன் ஒரு சொல் விளக்கம். ஒரே கணக்கில் இரண்டு வகை எண்கள் தெரியும். ஒன்று, டிக்கெட் வாங்கச் செலவழிக்கக்கூடிய மைல் அல்லது புள்ளி. மற்றொன்று, வெள்ளி, தங்கம் போன்ற உறுப்பினர் தகுதியைத் தீர்மானிக்கும் தகுதிப் புள்ளி. இரண்டாவது வகை பொதுவாக ஓராண்டுக் கணக்கில் எண்ணப்பட்டு மறுபடி சுழியத்தில் தொடங்கும். அதைச் செலவழிக்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. “என் மைல் எல்லாம் ஒரே நாளில் சுழியமாகிவிட்டது” என்று பதறுகிறவர்களில் சிலர் பார்த்தது இந்த எண்ணைத்தான். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

காலாவதி எதற்கு?

விமான நிறுவனத்தின் கணக்கேட்டில் புள்ளி ஒரு கடன். 20,000 ரூபாய்க்கு டிக்கெட் விற்று, கூடவே ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள புள்ளிகளையும் கொடுத்தால், அந்த 20,000 முழுவதையும் பயணம் முடிந்தவுடன் வருமானமாக எழுதிவிட முடியாது. புள்ளிக்கு உரிய பங்கைப் பிரித்து, ‘இன்னும் செய்து கொடுக்க வேண்டிய சேவை’ என்று ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘இண்ட் ஏஎஸ் 115’ கணக்கியல் தரமும், அதன் மூலமான ‘ஐஎஃப்ஆர்எஸ் 15’ தரமும் இப்படித்தான் சொல்கின்றன. புள்ளி செலவாகும்போதுதான் அந்தத் தொகை வருமானமாக மாறும்.

ஆனால் எல்லாப் புள்ளியும் செலவாவதில்லை. எத்தனை பங்கு உரிமை கோரப்படாமலே போகும் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிடும். கணக்காளர்கள் இதைப் ‘பிரேக்கேஜ்’ என்பார்கள். மறதி, சோம்பல், போதாத இருப்பு, காலாவதி எல்லாம் இதில் அடங்கும். மதிப்பீடு உயர்ந்தால் கடன் குறையும். கடன் குறைந்தால் வருமானம் கூடும். காலாவதி விதி என்பது வாடிக்கையாளரைத் தண்டிக்க எழுதப்பட்டது அல்ல. முடிவில்லாமல் வளரும் கடனுக்கு ஒரு கரை கட்டுவது. தண்டனைபோல உறைப்பது அதன் பக்கவிளைவு, நிறுவனங்களுக்கு அது பெரிய வருத்தமும் இல்லை.

இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது 2020இல் வெளிச்சத்துக்கு வந்தது. கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது திட்டத்துக்கு அது காட்டிய மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். அந்த நேரத்தில் பங்குச் சந்தை மொத்த விமான நிறுவனத்துக்கே கொடுத்த மதிப்பைவிட இது அதிகம். டெல்டா 900 கோடி டாலரும், 2021இல் அமெரிக்கன் 1,000 கோடி டாலரும் இதே வழியில் திரட்டின. விமானத்தைவிட மைல் விலை போன காலம் அது.

மூன்று கடிகாரங்கள்

உலகிலுள்ள திட்டங்களைப் பார்த்தால் காலாவதி விதிகள் ஏறக்குறைய மூன்று வகையில் அடங்கும். நான்காவதாகக் காலாவதியே இல்லாத வகை ஒன்றும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

1. மைலுக்கு வயதாகும் வகை. ஒவ்வொரு மைலும் பிறந்த நாளிலிருந்து அதற்கென்று ஓர் ஆயுள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாண்டு ஆயுள்; மைல் சேர்ந்த அதே மாதத்தின் கடைசி நாளில் முடியும். 2023 மார்ச் 4 அன்று சேர்ந்த மைலும் மார்ச் 29 அன்று சேர்ந்த மைலும் 2026 மார்ச் 31 நள்ளிரவில் ஒன்றாகப் போகும். நள்ளிரவு என்பது சிங்கப்பூர் நேரம். சென்னையில் உட்கார்ந்து கடைசி நாளில் முன்பதிவு செய்கிறவருக்குக் கெடு இரவு ஒன்பதரைக்கே முடிந்துவிடுகிறது.

இந்த வகையில் ஏப்ரலில் புதிதாக 500 மைல் சேர்த்தால், அந்த 500 மைலுக்குத்தான் புது ஆயுள். பழையதற்கு ஒரு நாளும் கூடாது. மளிகைக் கடையில் புது பிரெட் பாக்கெட் வந்து இறங்கினால் பழைய பாக்கெட்டின் தேதி மாறுமா? அதே கதைதான். செலவழிக்கும்போது பழைய மைல் முதலில் கழியும் என்பது மட்டும் நமக்குச் சாதகம்.

எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸும் இதே குடும்பம், ஆனால் ஒரு திருப்பம் இருக்கிறது. மைல்கள் குறைந்தது மூன்றாண்டு இருக்கும். முடிவது உறுப்பினரின் பிறந்த மாதக் கடைசியில். ஒரே விமானத்தில் துபாயிலிருந்து வந்த கணவன், மனைவி இருவருக்கும் ஒரே அளவு மைல் கிடைத்தாலும், காலாவதி வேறு வேறு மாதத்தில் வரும். நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த விதியாக இருக்கலாம். பிறந்தநாள் பரிசாகப் பறிகொடுத்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

2. கணக்குக்கு வயதாகும் வகை. இங்கே தனித்தனி மைலுக்குத் தேதி கிடையாது. கணக்கு மொத்தமாக எவ்வளவு காலம் சும்மா கிடக்கிறது என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் பயன்படுத்தும் ஏவியோஸ் புள்ளிகளுக்கு 36 மாதம். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம். குவான்டாஸ், ஏர் கனடாவின் ஏரோபிளான் ஆகியவற்றில் 18 மாதம். கத்தே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸ் 2020 ஜனவரிக்கு முன் மூன்றாண்டு ஆயுள் வகையைச் சேர்ந்தது. அன்று முதல் புதிதாகச் சேரும் மைல்களுக்கு 18 மாதச் செயல்பாட்டு விதி.

இந்த வகையில் ஒரே ஒரு புள்ளி சேர்ந்தாலும் செலவானாலும், பத்தாண்டு பழைய புள்ளி உட்பட மொத்தக் கணக்குக்கும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். “சின்னப் பொருள் வாங்கு” என்ற யோசனை பிறந்த இடம் இதுதான். மறுபக்கம், ஒரே ஒரு கெடு தவறினால் மொத்தக் கணக்கும் ஒரே இரவில் போகும். முதல் வகையில் மைல் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இங்கே மடை ஒரேயடியாக உடையும்.

3. பறந்தால்தான் செல்லும் வகை. செயல்பாடு வேண்டும், ஆனால் எல்லாச் செயல்பாடும் எடுபடாது. விமானத்தில் ஏற வேண்டும். ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். நிறுவனங்களின் ‘ஃபிளையிங் புளூ’ திட்டத்தில் சாதாரண உறுப்பினர் இரண்டாண்டுக்குள் தகுதியுள்ள ஒரு பயணமாவது செய்ய வேண்டும், அல்லது அந்தத் திட்டத்தின் பெயரிலான கடன் அட்டையை வைத்துப் பயன்படுத்த வேண்டும். ஏர் இந்தியாவின் ‘மகாராஜா கிளப்’ திட்டத்திலும் 24 மாதத்துக்கு ஒருமுறை பறப்பதுதான் புள்ளியைக் காக்கும் வழி. ஊருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு இந்த வகை சிக்கலானது. பயணம் வரும்போது புள்ளி இருக்காது.

எந்தத் திட்டமானாலும் விதிமுறைப் பக்கத்தில் தேட வேண்டிய வாக்கியம் ஒன்றே: ‘சேர்ந்த தேதியிலிருந்து’ என்று எழுதியிருக்கிறதா, ‘கடைசிச் செயல்பாட்டிலிருந்து’ என்று எழுதியிருக்கிறதா, அல்லது ‘கடைசிப் பயணத்திலிருந்து’ என்றா? அந்த ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

எது செயல்பாடு, எது இல்லை?

இரண்டாம் வகைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கான பகுதி இது. கணக்கில் நுழைந்து பார்ப்பது செயல்பாடு ஆகாது. கடவுச்சொல்லை மாற்றுவது, முகவரியைத் திருத்துவது, வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசுவது, எதிலும் கடிகாரம் திரும்பாது. புள்ளி எண்ணிக்கை ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும்.

ஏற்றுவதற்குச் சுலபமான வழி வங்கி அட்டையின் வெகுமதிப் புள்ளியில் கொஞ்சத்தை மாற்றுவது. அடுத்தது, திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள ஓட்டல், வாடகைக் கார், இணையக் கடை. புள்ளியை விலை கொடுத்து வாங்குவதும் பெரும்பாலான திட்டங்களில் எண்ணப்படும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் எண்ணப்படுகிறது. இறக்குவதற்கு எளிய வழி, தொண்டு நிறுவனத்துக்குச் சிறு அளவு நன்கொடை. பல திட்டங்களில் அதுவும் செலவுதான், கணக்கும் பிழைக்கும்.

குடும்பத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதைச் செயல்பாடாக ஏற்காத திட்டங்கள் உண்டு, மாற்றுவதற்குக் கட்டணம் கேட்கும் திட்டங்களும் உண்டு.

பலர் சறுக்குவது தேதியில். இன்று வாங்கிய பொருளுக்கான புள்ளி இன்றே வந்துவிடாது. கடைக்காரர் அறிக்கை அனுப்பி, பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்து, புள்ளி ஏறச் சில வாரங்கள் ஆகலாம். கடைசி வாரத்தில் வாங்கியதற்குப் புள்ளி வரும்போது கணக்கு ஏற்கெனவே காலியாகியிருக்கும். மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே அசைத்துவிடுவது நல்லது. கடைசி நாளுக்கு வந்துவிட்டவர்களுக்குச் செலவழிப்பதுதான் விரைவான வழி. சேர்வதற்குத்தான் தாமதம், கழிவதற்குத் தாமதமே கிடையாது.

சிலருக்குக் கடிகாரமே ஓடாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 21 வயதுக்குட்பட்டவர்களின் மைலும், அந்நிறுவனத்தின் கடன் அட்டையை முதன்மை உறுப்பினராக வைத்திருப்பவர்களின் மைலும் காலாவதியாவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிபிஎஸ் கிளப் உறுப்பினர்களுக்கும் அப்படியே. அந்தக் கிளப்பில் சேருமளவுக்குச் செலவழிக்கிறவர் இந்தக் கட்டுரையைத் தேடி வந்திருக்க மாட்டார்.

மைலுக்கே வயதென்றால்?

கிரிஸ்ஃபிளையர் போன்ற முதல் வகையில் அசைத்துப் பயனில்லை. ஆனால் வழிகள் உண்டு. பயன் மிகுந்ததிலிருந்து தொடங்கலாம்.

1. மைல் உயிரோடிருக்க வேண்டியது முன்பதிவு செய்யும் நாளில்; பறக்கும் நாளில் அல்ல. மார்ச் 31இல் முடியும் மைலை வைத்து மார்ச் 30 அன்று, அடுத்த பொங்கலுக்கான சென்னை டிக்கெட்டை எடுத்துவிடலாம். விமான நிறுவனங்கள் ஏறக்குறைய ஓராண்டு முன்பே இருக்கைகளைத் திறந்துவைக்கின்றன. ஆக மூன்றாண்டு ஆயுள் என்பது நடைமுறையில் நான்காண்டுக்கு அருகில் வந்துவிடுகிறது.

இதில் ஒரு பொறி. அந்த டிக்கெட்டை ரத்து செய்தால் மைல்கள் பழைய காலாவதித் தேதியோடுதான் திரும்பும். தேதி தாண்டியிருந்தால் திரும்பாது. எனவே இப்படி எடுத்த டிக்கெட்டில் பயணத் தேதியை மாற்றலாம், ரத்து மட்டும் கூடாது. தேதி மாற்றுவதற்கான கட்டணம், ரத்துக் கட்டணம் இரண்டையும் எடுக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2. மைலைச் சீக்கிரம் பிறக்கவிடாமல் தடுப்பது. வங்கிப் புள்ளியை விமான மைலாக மாற்றிய நாளில்தான் மூன்றாண்டு தொடங்குகிறது. சில வங்கி அட்டைகளின் புள்ளிக்குக் காலாவதியே கிடையாது; சிலவற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டு. புள்ளியை வங்கியிலேயே வைத்திருந்து, தேவையான இருக்கை கண்ணில் பட்ட பிறகு மாற்றினால் இரண்டு ஆயுளையும் அடுத்தடுத்து அனுபவிக்கலாம். மாற்றிய புள்ளி வங்கிக்குத் திரும்பாது என்பதால், எந்த விமானம் என்று முடிவாகாமல் மாற்றுவது எப்படியும் அவசரம்தான். ஒரே எச்சரிக்கை: மாற்றம் சில வங்கிகளில் நிமிடங்களில் முடியும், சிலவற்றில் நாள்கணக்கில் இழுக்கும். அதற்குள் இருக்கை போய்விடலாம்.

3. கட்டணம் செலுத்தி நீட்டிப்பது. கிரிஸ்ஃபிளையரில் சாதாரண உறுப்பினர் ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலரோ 1,200 மைலோ கொடுத்தால் ஆறு மாதம் கூடும். வெள்ளி, தங்க உறுப்பினர்களுக்கு அதே கட்டணத்தில் ஓராண்டு. ஒருமுறைதான் நீட்டிக்கலாம், அதையும் காலாவதிக்கு முன்பே செய்ய வேண்டும்.

இதை ஊர்க் கணக்கில் பார்ப்போம். 10,000க்கு ஆறு மாதத்துக்கு 1,200 என்றால் மாதம் 200, நூற்றுக்கு இரண்டு. அதாவது இரண்டு வட்டி. நம்முடைய பொருளையே நாம் வைத்திருக்க, அவர்களுக்கு நாம் கொடுக்கும் வட்டி! இன்னொன்றும் இந்தக் கட்டணத்திலிருந்து தெரிகிறது. 12 டாலரும் 1,200 மைலும் சமம் என்றால், நிறுவனம் இங்கே ஒரு மைலுக்கு ஒரு சென்ட் விலை வைக்கிறது. நீண்ட தூர பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு மைலைப் பயன்படுத்தினால் அதைவிடக் கூடுதலான மதிப்பு கிடைப்பது வழக்கம். அந்த எண்ணம் இருப்பவர் டாலராகக் கொடுப்பதுதான் சரி. மைலாகக் கொடுத்தால் விலை உயர்ந்ததை மலிவாக விற்றது போலாகும். எந்தப் பயணமும் திட்டத்தில் இல்லாதவர் இரண்டையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

4. மிச்சம் மீதியைக் கரைப்பது. டிக்கெட் கட்டணத்தில் ஒரு பகுதியை மைலாகச் செலுத்துவது, விமானக் கடையில் பொருள் வாங்குவது போன்றவை. மதிப்பு குறைவாகத்தான் கிடைக்கும். சுழியத்தைவிட எதுவும் மேல் என்ற நிலையில் மட்டும் கையாள வேண்டிய வழி இது.

காலாவதி இல்லாத மைலும் மெலியும்

டெல்டா 2011இல் தன் மைல்களுக்குக் காலாவதியை நீக்கியது. 2019 ஆகஸ்டில் யுனைடெட்டும் அப்படியே அறிவித்தது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு நிறுவனங்களின் இன்னொரு செய்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் நிலையான பட்டியலை டெல்டா 2015இல் எடுத்துவிட்டது. யுனைடெட் தன் விமானங்களுக்கான பட்டியலை 2019 நவம்பரில் எடுத்தது, அதாவது காலாவதியை நீக்கிய மூன்றே மாதத்தில். அதன்பின் ஓர் இருக்கைக்கான மைல் எண்ணிக்கை, பணக் கட்டணத்தைப் போலவே, நாளுக்கு நாள் ஏறி இறங்கலாம்.

இரண்டும் ஒரே கடனைக் கட்டுப்படுத்தும் இரண்டு வழிகள். புள்ளியைக் கொன்றாலும் கடன் குறையும், புள்ளியின் வாங்கும் சக்தியைக் குறைத்தாலும் கடன் குறையும். முதலாவதற்குத் தேதியிட்ட மின்னஞ்சல் வரும், வாடிக்கையாளர் கோபப்படுவார். இரண்டாவது, இருக்கை தேடும்போதுதான் தெரியும். பட்டியல் வைத்திருக்கும் நிறுவனங்களும் அவ்வப்போது பட்டியலைத் திருத்துகின்றன. கிரிஸ்ஃபிளையர் 2022 ஜூலையில் பல வழித்தடங்களுக்கு மைல் விலையை உயர்த்தியது. ஆகவே, காலாவதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே மைலைப் பத்தாண்டு பூட்டிவைப்பது சேமிப்பு ஆகாது. வட்டியில்லாத, விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும் நாட்டில் ரொக்கத்தைப் பானையில் போட்டு வைப்பது அது.

நிறுவனமே இல்லாமல் போனால் என்ன ஆகும்? இந்தியாவிலேயே இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. அதன் ‘கிங் கிளப்’ உறுப்பினர்களின் புள்ளிகளுக்கு மதிப்பு இல்லாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. ஆனால் அதன் ‘ஜெட் பிரிவிலேஜ்’ திட்டம் தனி நிறுவனமாக, எதிஹாடின் பெரும்பான்மைப் பங்குடன் இருந்தது. விமானம் போன பிறகும் திட்டம் உயிரோடிருந்து, அதே ஆண்டு நவம்பரில் ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. விமான நிறுவனத்துக்கு மூச்சுத் திணறுகிறது என்று செய்தி வரத் தொடங்கினால் புள்ளியைச் செலவழித்துவிடுவதே புத்திசாலித்தனம். கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் செலவழிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இணைப்பு நடக்கும்போது வேறுவிதக் குழப்பம். விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. கிளப் விஸ்தாரா புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் கடிகாரத்தின் வகை மாறியது. விஸ்தாராவில் புள்ளிக்கு மூன்றாண்டு ஆயுள்; ஏர் இந்தியாவில் பறப்பதைப் பொறுத்த விதி. பழைய தேதிகளைக் குறித்து வைத்திருந்தவர்களின் குறிப்பு ஒரே நாளில் பழங்கதையானது.

சட்டம் எங்கே நிற்கிறது?

பெரும்பாலான நாடுகளில் எட்டித்தான் நிற்கிறது. திட்டங்களின் விதிமுறைகள் பொதுவாக இரண்டு வாக்கியங்களைத் தவறாமல் வைத்திருக்கும்: புள்ளி உறுப்பினரின் சொத்து அல்ல, நிறுவனம் விதிகளை மாற்றலாம். உறுப்பினராகச் சேரும்போது நாம் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவது இவற்றுக்கும் சேர்த்துத்தான்.

எதிர்ப்பு வென்ற இடம் கனடா. ‘ஏர் மைல்ஸ்’ என்ற வெகுமதித் திட்டம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் 2016 டிசம்பர் 31 அன்று காலாவதியாகும் என்று அறிவித்திருந்தது. கெடு நெருங்க நெருங்க, சேர்த்ததைச் செலவழிக்கக்கூட முடியவில்லை என்ற கோபம் நாடு முழுவதும் எழுந்தது. ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றம் அந்த டிசம்பரிலேயே, காலம் கடந்துவிட்டது என்பதை மட்டுமே காரணமாக்கிப் புள்ளிகளைக் காலாவதியாக்கக் கூடாது என்று சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வருமுன்பே, டிசம்பர் 1 அன்று, நிறுவனம் பின்வாங்கிவிட்டது. ‘காலத்தை மட்டுமே’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சும்மா கிடக்கும் கணக்கைப் பற்றிய விதிகள் அதன்பின்னும் கனடாவில் இருக்கின்றன. மேலே சொன்ன ஏரோபிளானின் 18 மாதம் அங்கேதான் ஓடுகிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நார்த்வெஸ்ட் நிறுவனம் 2008இல் தன் திட்டத்திலிருந்து யூத மதகுரு ஒருவரை, அடிக்கடி புகார் செய்கிறார் என்று நீக்கியது. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: 1978ஆம் ஆண்டு விமானக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தின் முன்னால், நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தின் பொதுக் கடமை இங்கே செல்லாது. விதிமுறையில் எழுதியிருப்பதை நிறுவனம் மீறினால் வழக்குத் தொடுக்கலாம். எழுதியிருப்பதே அநியாயம் என்று சொல்லி அந்த வழியில் போக முடியாது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நான்கு பெரிய நிறுவனங்களிடம் புள்ளி மதிப்புக் குறைப்பு உள்ளிட்டவை பற்றி விளக்கம் கேட்டது.

குடும்பமாகச் சேர்ப்பவர்களின் கணக்கு

நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. நால்வர் பறந்தால் நான்கு கணக்குகள்; ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மைல். எதிலும் ஒரு டிக்கெட்டுக்குப் போதாது, எல்லாம் தனித்தனியே காலாவதியாகும். நால்வருக்கும் சேர்த்தால் ஒரு டிக்கெட் வந்திருக்கும்.

இதற்குத்தான் குடும்பக் கணக்கு. எமிரேட்ஸின் ‘மை ஃபேமிலி’, பிரிட்டிஷ் ஏர்வேஸின் வீட்டுக் கணக்கு போன்றவற்றில் எல்லோருடைய புள்ளியையும் ஒன்றாகச் செலவழிக்கலாம். சேரும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் புள்ளியும் சேருமா, இனிமேல் வருவது மட்டுமா? உறுப்பினரை நீக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? மகள் திருமணமாகி வேறு வீட்டுக்குப் போகும்போது இரண்டாவது கேள்வி எழும்.

கிரிஸ்ஃபிளையரில் மைல்களை ஒன்றுசேர்க்க முடியாது. அதற்குப் பதில் ஒவ்வொரு உறுப்பினரும் ஐந்து பேரை நியமித்து, தன் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஆகவே நால்வரின் பயணத்துக்கு ஒருவரின் கணக்கையே காலியாக்காமல், யாருடைய மைல் முதலில் முடிகிறதோ அவருடைய கணக்கிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். பேரனின் கணக்கில் மார்ச்சில் முடியும் மைல் பாட்டியின் டிக்கெட்டாகலாம். பாட்டியின் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடியே, அவன் கணக்கின் பட்டியலில் முன்பே ஏறியிருக்க வேண்டும்.